மனசு சரியில்லை என்றால் யாரிடம் போவது?



இந்தப் பகுதியில் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, எலிக் காய்ச்சல், பாம்புக் கடி என்று எத்தனையோ விஷயங்களைப் பேசியாகிவிட்டது. இம்முறை மனசைப் பற்றிப் பேசுவோம். குறிப்பாக, இடைநிலைப் பள்ளியிலும் ஆறாம் படிவத்திலும் கல்லூரியிலும் படித்துக் கொண்டிருக்கும் நம் பிள்ளைகளின் மனசைப் பற்றி. பெற்றவர்கள் முதலில் படியுங்கள். படித்துவிட்டு, தாளைப் பிள்ளைகளின் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள்.

மனநோய் என்றதும் நம் ஜனங்களுக்கு ஒரே ஓர் ஊர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. "ரொம்ப ஆடினே, தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்!" என்று ஒரு தடவையாவது சொல்லாத வீடு நம் தோட்டங்களில் இருக்குமா? ஈப்போவுக்குப் பக்கத்தில் 1911-ஆம் ஆண்டில், வெள்ளைக்காரன் ஆட்சியில் திறந்த ஆஸ்பத்திரி அது. மனநோயாளிகளை ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோய் வைப்பதுதான் அன்றைய வைத்தியம். உள்ளே போனவர்களில் பலர் வீடு திரும்பவே இல்லை. அந்தப் பயம் தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும், அப்பாவிடமிருந்து நமக்கும் சொத்து மாதிரி வந்து சேர்ந்திருக்கிறது. இன்று அந்த ஆஸ்பத்திரிக்குப் பெயர் ஹொஸ்பிட்டல் பஹாகியா. ‘பஹாகியா’ என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறியது, வைத்தியம் மாறியது, மருந்தும் மாறியது. நம் பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது.

இதனால் கஷ்டப்படுவது பிள்ளைகள்தான். "மனசு சரியில்லம்மா" என்று சொல்ல வேண்டிய பிள்ளை "தலை வலிக்குதும்மா" என்கிறது. அம்மாவும் இரண்டு பெனடோலைக் கொடுத்துவிட்டு விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுகிறார். அடுத்த வாரம் வயிற்று வலி. அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்று படுத்துக் கொள்கிறது. "திமிரு", "சோம்பேறித்தனம்", "கைப்பேசியால வந்த வினை" என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா வந்து, "சாமி பாத்தீங்களா?" என்று கேட்கிறார். யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்று மட்டும் யாருக்கும் தெரிவதில்லை.

இது ஒரு வீட்டுக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். சுகாதார அமைச்சு 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் இடைநிலைப் பள்ளி மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. 100-க்கு 27 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. 100-க்கு 13 பேர், உயிரை விட்டுவிடலாமா என்று யோசித்ததாக எழுதிக் கொடுத்தார்கள். எல்லா இனப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் அடக்கம். ஒரு வகுப்பில் 36 பேர் என்றால், அதில் ஒன்பது பத்துப் பேர் முகத்தில் சிரிப்போடும் மனசில் பாரத்தோடும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நம் பிள்ளைகளுக்கென்று தனியாகச் சில பாரங்களும் உண்டு. ஐம்பது அறுபது பேர் படித்த தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் எல்லா ஆசிரியருக்கும் அவனைப் பெயர் சொல்லித் தெரியும். ஆறாம் வகுப்பு முடிந்ததும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் படிக்கும் பள்ளியில் கொண்டுபோய் விடுகிறோம். பாடமெல்லாம் மலாயில். விடியுமுன் பஸ், பொழுது சாயத் திரும்பி வருகிறான். கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் பாரம் குறைய வேண்டும் அல்லவா? அங்கேதான் கூடுகிறது. "எங்க வம்சத்துலயே மொதல் மொதலா யூனிவர்சிட்டி போற பொண்ணு" என்று கோவிலில் மாலை போட்டு அனுப்புகிறோம். அந்த மாலையின் கனம் அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும். முதல் பரீட்சையில் ஒரு பாடம் போய்விட்டால் அதை வீட்டில் சொல்ல அவளுக்கு வாய் வராது. ‘அம்மா வெயில்ல காய்ஞ்சு அனுப்புற காசு’ என்ற நினைப்பே அவளைத் தின்றுவிடும்.

யார் யாருக்கு என்ன வேலை?

தோட்டத்தில் மண்டோர் இருக்கிறார், கிராணி இருக்கிறார், டிரெஸ்ஸர் இருக்கிறார். காலில் முள் குத்தினால் கிராணியிடமா போவோம்? சம்பளக் கணக்கில் தகராறு என்றால் டிரெஸ்ஸரிடமா போவோம்? மனசுக்கு உதவி செய்கிறவர்களிலும் அதே மாதிரி வெவ்வேறு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். நாம்தான் எல்லோரையும் சேர்த்துப் ‘பைத்தியக்கார டாக்டர்’ என்று ஒரே பெயரில் கூப்பிட்டுக் கொண்டிருக்கிறோம்.

சைக்கியாட்ரிஸ்ட் என்கிறோமே, மனநல மருத்துவர், அவர் முழு டாக்டர். மற்ற டாக்டர்கள் போல மருத்துவம் படித்து, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, அதற்குப் பிறகு இன்னும் நான்கு வருடம் மனநோய்களைப் பற்றி மட்டும் படித்தவர். நோய் இன்னதென்று முடிவு சொல்வார், மருந்து எழுதுவார், வேண்டுமானால் வார்டில் சேர்ப்பார். பெரிய ஆஸ்பத்திரிகளில் ‘கிளினிக் பாக்கார் சைக்கியாத்ரி’ என்று பலகை போட்டிருக்கும் இடத்தில் இவர் இருப்பார். யாருமில்லாத இடத்தில் குரல் கேட்கிறது, எல்லோரும் சேர்ந்து தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று ஒரு பிள்ளை சொல்ல ஆரம்பித்தால், சுற்றி வளைக்காமல் இவரிடம்தான் போய்ச் சேர வேண்டும். அந்த வகை நோய் பெரும்பாலும் 16 வயதிலிருந்து முப்பதுக்குள் தலைகாட்டும். அதாவது படிக்கிற வயதில், வேலை தேடுகிற வயதில். சீக்கிரம் மருந்து தொடங்கிய பிள்ளை படிப்பை முடிக்கவும் வேலைக்குப் போகவும் வாய்ப்பு அதிகம். இரண்டு வருடம் பூசாரி வீடு பூசாரி வீடாக அலைந்துவிட்டு வருகிற பிள்ளைக்கு அந்த வாய்ப்புக் குறைந்துவிடுகிறது.

மருத்துவ உளவியலாளர் என்று இன்னொருவர் இருக்கிறார். கிளினிக்கல் சைக்கோலோஜிஸ்ட் என்பார்கள். இவர் மருந்து கொடுக்க மாட்டார். உளவியலில் மேற்படிப்புப் படித்து, கேள்விகளாலும் பயிற்சிகளாலும் வைத்தியம் பார்ப்பவர். பிள்ளைக்கு ஏன் படிப்பு ஏறவில்லை, நினைவாற்றலில் குறையா, கவனத்தில் குறையா என்று சோதித்துச் சொல்லக்கூடியவரும் இவரே. வாரம் ஒரு தடவை, ஒரு மணி நேரம் என்று பத்துப் பன்னிரண்டு வாரம் பேசிப் பேசியே பயத்தையும் சோர்வையும் குறைக்கும் முறைகள் இவர்களிடம் உண்டு. வெறும் ஆறுதல் பேச்சு என்று நினைக்காதீர்கள். ‘நான் எதுக்குமே லாயக்கில்லை’ என்கிற எண்ணம் எப்போது வருகிறது, அது வந்ததும் என்ன செய்கிறாய் என்று வீட்டுப்பாடம் கொடுத்து எழுதச் சொல்லி, முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்ப்பார்கள். இவர்கள் 2016-ஆம் ஆண்டில் நிறைவேறிய சுகாதாரத் துணைத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இவர்கள் எண்ணிக்கை குறைவு; காத்திருக்க வேண்டிவரும்.

அடுத்தவர் கவுன்சிலர். கவுன்சிலிங் படித்துப் பட்டம் பெற்றவர். நோய்க்குப் பெயர் வைக்க மாட்டார், மருந்தும் கொடுக்க மாட்டார். படிப்பில் குழப்பம், வீட்டில் சண்டை, அப்பாவின் குடி, காதல் தோல்வி, சாவு வீட்டுத் துக்கம், எந்தப் படிப்பை எடுப்பது என்கிற தடுமாற்றம் இவற்றையெல்லாம் உட்கார்ந்து கேட்டு, பிள்ளையே வழி கண்டுபிடிக்கத் துணை செய்வார். தன் கைக்கு மீறியது என்று தெரிந்தால் டாக்டருக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார். பெரிய ஆஸ்பத்திரியிலும் பல்கலைக்கழகத்திலும் கதவில் ‘பெகாவாய் சைக்கோலோஜி’ என்று எழுதியிருந்தால் பயந்து திரும்பிவிட வேண்டாம். பல இடங்களில் கவுன்சிலருக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பதவிப் பெயர் அது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 1998-ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் கவுன்சிலர்களுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. லெம்பாகா கவுன்சிலர் என்ற வாரியத்தில் பதிவு செய்யாதவர் தன்னைக் கவுன்சிலர் என்று சொல்லிக் காசு வாங்கக் கூடாது. பதிவு பெற்றவருக்குக் கே.பி. என்று ஒரு நம்பரும், தொழில் நடத்தும் அனுமதிக்குப் பி.ஏ. என்று ஒரு நம்பரும் இருக்கும். பெயர் அட்டையிலும் முத்திரையிலும் போட்டிருப்பார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டு நாள் கோர்ஸ் போய்விட்டு வந்து ‘மனோதத்துவ நிபுணர்’ என்று பலகை மாட்டிக் கொண்டு, ஒரு சந்திப்புக்கு முந்நூறு நானூறு வெள்ளி கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். மேடையில் கைதட்டல் வாங்குகிற தன்முனைப்புப் பேச்சாளர் வேறு, கவுன்சிலர் வேறு. "உங்க கே.பி. நம்பர் என்னங்க?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. உண்மையானவர் உடனே சொல்லிவிடுவார்.

இவர்களைத் தவிர, ஆஸ்பத்திரியில் தொழில்வழிச் சிகிச்சையாளர் இருப்பார். நோயிலிருந்து எழுந்து வருகிற பிள்ளையை மறுபடியும் அன்றாட வேலைக்கும் படிப்புக்கும் பழக்குகிறவர். மருத்துவச் சமூகநல அதிகாரி இருப்பார். பஸ் செலவுக்குக்கூட வழியில்லை என்றால் இவரிடம் வாய்விட்டுச் சொல்லலாம்.

முதல் கதவு எது?

இத்தனை பேரில் முதலில் யாரிடம் போவது என்று குழம்ப வேண்டாம். யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவரிடம் போங்கள். மேலே அனுப்ப வேண்டியிருந்தால் அவர் அனுப்பி வைப்பார். தவறான கதவைத் தட்டிவிட்டோமே என்று யாரும் திட்டமாட்டார்கள்.

தம்பி, தங்கச்சி, இனி உங்களிடம் நேராகப் பேசுகிறேன். இடைநிலைப் பள்ளியில் படிக்கிற உங்களுக்குப் பக்கத்துக் கதவு, பள்ளியிலேயே இருக்கிற ‘பிலிக் கவுன்சிலிங்’. 1996-இலிருந்து இடைநிலைப் பள்ளிகளில் முழுநேரக் கவுன்சிலிங் ஆசிரியர்களை நியமித்து வருகிறார்கள். 500 மாணவருக்கு ஒருவர் என்பதுதான் அன்று போட்ட கணக்கு. ஆகவே அவருக்கு உங்களைத் தெரியாமல் இருக்கலாம். நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும். சின்னத் தமிழ்ப்பள்ளிகளில் இப்படி முழுநேர ஆசிரியர் இருப்பது அபூர்வம். அங்கே தலைமையாசிரியரோ வகுப்பாசிரியரோதான் முதல் கதவு. பாலிடெக்னிக், மெட்ரிக்குலேஷன், பல்கலைக்கழகம் எங்கே போனாலும் மாணவர்களுக்குக் கவுன்சிலிங் பிரிவு உண்டு. மாணவரிடம் காசு வாங்கமாட்டார்கள்.

அந்த அறைக்குப் போனால் கூட்டாளிகள் கேலி செய்வார்களே என்கிறீர்களா? செய்வார்கள்தான். பொய் சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. பரீட்சைக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்று கேட்கவும் பிள்ளைகள் அங்கே போகிறார்கள்; உபகாரச் சம்பளப் பாரம் வாங்கவும் போகிறார்கள். யாராவது கேட்டால் அதைச் சொல்லிவிட்டுப் போங்கள், குற்றமில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. சில பள்ளிகளில் கவுன்சிலிங் ஆசிரியரையே கட்டொழுங்கு வேலைக்கும் இழுத்துவிடுகிறார்கள். பிரம்பைக் கையில் கொடுத்துவிட்டால் எந்தப் பிள்ளை அவரிடம் மனசைத் திறக்கும்? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நம் தோழர்கள் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி இது.

உள்ளே போனால் என்ன நடக்கும்? கட்டில், ஊசி, மின்சாரம் எதுவும் கிடையாது. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு டிஷ்யூ பெட்டி. பெயர், வகுப்பு எழுதச் சொல்வார்கள். சில இடங்களில் டாஸ் என்று ஒரு கேள்வித்தாள் கொடுப்பார்கள். 21 கேள்விகள், ‘கடந்த ஒரு வாரத்தில் இப்படி இருந்ததா’ என்று கேட்டிருக்கும், பூஜ்யத்திலிருந்து மூன்று வரை வட்டம் போட வேண்டும். அது பரீட்சைத் தாள் இல்லை. அதில் நம்பர் கூடுதலாக வந்துவிட்டால் உங்களுக்கு மனநோய் என்று முடிவாகிவிட்டதாகவும் அர்த்தமில்லை; இன்னும் விசாரித்துப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம், அவ்வளவுதான். நல்ல பிள்ளையாகப் பெயர் வாங்குவதற்காக எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுவிட்டு வராதீர்கள். பிறகு பேச்சு. முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள். அழுகை வந்தால் அழலாம்.

பாஷைதான் நம் பிள்ளைகளுக்குப் பெரிய தடை என்பது என் எண்ணம். கவுன்சிலர் பெரும்பாலும் மலாய் பேசுகிறவராக இருப்பார். சரித்திரப் பாடத்தை மலாயில் எழுதிவிடலாம். நெஞ்சில் இருப்பதை எப்படி மலாயில் சொல்வது? "ஒரு மாதிரியா இருக்கு", "நெஞ்சை அடைக்குது", "மனசு விட்டுப் போச்சு" என்று நாம் சொல்வதைப் பெயர்க்கப் பார்த்தால் வார்த்தை நழுவிவிடுகிறது. கடைசியில் "ஓக்கே சிக்கு, தாக் அபா அபா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். இதற்கு ஒரு வழி, போவதற்கு முதல் நாள் இராத்திரி ஒரு தாளில் தமிழிலேயே எழுதிக் கொள்வது. எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, முன்பு பிடித்திருந்த பந்து விளையாட்டோ பாட்டோ இப்போது பிடிக்கிறதா, படிப்பு மண்டையில் ஏறுகிறதா, செத்துப் போகலாம் என்ற நினைப்பு வருகிறதா. பிறகு தெரிந்த மலாய் வார்த்தைகளைப் பக்கத்தில் எழுதிக் கொள்ளுங்கள். ‘சூசா ஹாத்தி’, ‘தாக் போலே தீடூர்’, ‘தாக்கூட்’, ‘தெர்தெக்கான்’ இவ்வளவு போதும். அந்தத் தாளை அப்படியே அவர் கையில் கொடுத்தாலும் சரிதான். தமிழ் தெரிந்த ஆசிரியர் ஒருவரை வைத்துக் கொண்டு பேசலாமா என்று கேட்கலாம். ஆஸ்பத்திரியாக இருந்தால், தமிழ் தெரிந்த டாக்டரோ தாதியோ இருக்கிறார்களா என்று கேளுங்கள். பல இடங்களில் இருப்பார்கள். சொந்தக்காரரை மொழிபெயர்க்கக் கூட்டிப் போவது மட்டும் வேண்டாம். மாமா எதிரில் எந்தப் பிள்ளையும் உண்மையைப் பேசாது.

"நான் சொல்றதை அப்பாகிட்ட சொல்லிடுவாங்களா?" எல்லாப் பிள்ளைகளும் மனசுக்குள் கேட்கிற கேள்வி இது. கவுன்சிலர் கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது என்பது அந்தத் தொழிலின் சட்டம். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. உங்கள் உயிருக்கு ஆபத்து, உங்களால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து, உங்களை யாரோ அடித்துக் கொடுமைப்படுத்துகிறார்கள் அல்லது தகாத முறையில் தொடுகிறார்கள் என்றால், காப்பாற்றுவதற்காகச் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்வார்கள். முதல் சந்திப்பிலேயே "எதை வெளியே சொல்லுவீங்க, எதை சொல்லமாட்டீங்க?" என்று கேட்டுவிடுங்கள். எஸ்.பி.எம். சான்றிதழில் இதையெல்லாம் எழுதமாட்டார்கள். 18 வயது முடிந்து பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள் விஷயத்தில், இந்த எல்லைக்குள் இருக்கும்வரை, உங்கள் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

முதல் ஆளோடு மனசு ஒட்டவில்லை என்றால் வேறொருவரைக் கேட்கலாம். ஒரு டிரெஸ்ஸர் மருந்து கேட்கவில்லை என்பதற்காக மருந்தே வேண்டாம் என்று இருந்துவிடுகிறோமா?

கிளினிக்கும் மருந்தும்

படிப்பு முடிந்தவர்களுக்கும் பள்ளி விடுமுறை நாளிலும் இன்னொரு கதவு, டவுனில் இருக்கும் அரசாங்கக் கிளினிக். ‘கிளினிக் கெசிஹாத்தான்’ என்று போட்டிருக்குமே, அதுதான். அங்கே உள்ள டாக்டரே மனச்சோர்வுக்கு வைத்தியம் தொடங்கலாம். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்கிருந்து கடிதத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளிக்கு மேல் கேட்கமாட்டார்கள். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்பவர்களும் இன்னும் பத்திரம் கிடைக்காதவர்களும் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டுக் கொள்வது நல்லது. தனியார் டாக்டரிடம் போனால் சந்திப்பு ஒன்றுக்கே நூற்றுக்கணக்கில் வெள்ளி கரைந்துவிடும்; நகையை அடகு வைத்து அங்கே ஓட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. சில இடங்களில் ‘மெந்தாரி’ என்ற பெயரில் ஆஸ்பத்திரிக்கு வெளியே, கடைத்தெருப் பக்கம், சமூக மனநல நிலையங்களும் உண்டு. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மருந்து தொடங்க, பெற்றவர் கையெழுத்து வேண்டும். அதனால் அப்பாவோ அம்மாவோ கூடப் போக வேண்டியிருக்கும்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளுவோக்செட்டின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இவை பெனடோல் மாதிரி அரை மணி நேரத்தில் வேலை செய்வதில்லை. இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் குமட்டல், வயிற்றுக் கோளாறு கொஞ்சம் வரலாம். ஐந்தாறு நாள் சாப்பிட்டுவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுவதும், நன்றாக ஆனதும் "சரியாப் போச்சு" என்று திடீரென்று நிறுத்திவிடுவதும் இரண்டுமே தவறு. இந்த மாத்திரைகள் கஞ்சா, சாராயம் போல அடிமையாக்கிவிடும் என்பது வீண் பேச்சு. தூக்க மாத்திரைகளில் சிலவற்றுக்குத்தான் அந்தக் குணம் உண்டு. அவற்றை டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு நாளும் போடக் கூடாது. வயதில் சின்னப் பிள்ளைகளுக்கு மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் பதற்றமோ சாவு எண்ணமோ கூடினால், அடுத்த தேதிவரை காத்திராமல் உடனே டாக்டரிடம் போங்கள். அந்த வாரங்களில் பிள்ளையைத் தனியாக விடாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

அண்ணே, அக்கா, கோவிலுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கும்பிடுங்கள், கயிறு கட்டுங்கள், அர்ச்சனை செய்யுங்கள். அதனால் பிள்ளைக்கு ஒரு தெம்பு கிடைத்தால் நல்லதுதான். மாத்திரையை நிறுத்து என்று சொல்கிற பூசாரியும், பேயை ஓட்டுகிறேன் என்று வேப்பிலையால் அடித்து, பட்டினி போடுகிற ஆளும்தான் வேண்டாம். பிள்ளை ஒரு நாள் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தால், "நாங்க படாத கஷ்டமா?" என்று ஆரம்பிக்காதீர்கள். நாம் பட்ட கஷ்டம் உண்மைதான். அதைச் சொன்னதும் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும் என்பதும் உண்மை. "எவ்வளவு நாளா இப்படி இருக்குப்பா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இல்லை, யாரோடும் பேச்சில்லை என்றால் கிளினிக்குக் கூட்டிப் போங்கள். செத்துப் போகிறேன் என்று சொன்னாலோ எழுதி வைத்தாலோ, தனக்குப் பிரியமான பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தாலோ, அன்றைக்கே போக வேண்டும். இராத்திரியாக இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு திறந்திருக்கும், 999-க்கு அழைக்கலாம். "சும்மா மிரட்டுறான்" என்று விட்டுவிடாதீர்கள். ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். அப்படிக் கேட்பதால் எண்ணம் வருவதில்லை, மனசு கொஞ்சம் இலேசாகும். முன்பெல்லாம் உயிரை விட முயற்சி செய்து பிழைத்தவர்மேல் போலீஸ் வழக்குப் போடலாம் என்று சட்டம் இருந்தது. அந்தப் பயத்தில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. அந்தச் சட்டப் பிரிவை 2023-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது அது குற்றம் கிடையாது.

தோட்டத்துக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. பாராகுவாட் மருந்தை 1.1.2020 முதல் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் மற்றக் களைக்கொல்லிகளும் பூச்சிமருந்துகளும் இருக்கின்றன. ஸ்டோரில் பூட்டி வைக்க வேண்டியதைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு வந்து குசினி மூலையில் வைக்கிற பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. சாவு எண்ணம் என்பது பலருக்கும் ஒரு வேகத்தில் வந்து, சில மணி நேரத்தில் தணிந்து போகிற அலை. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இல்லாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பும். இன்று சாயந்திரமே கொல்லைப்புறத்தைப் பாருங்கள்.

கூட்டாளி ஒருவன் "யார்கிட்டயும் சொல்லாதடா" என்று உங்களிடம் சாவைப் பற்றிச் சொன்னானா தம்பி? அந்த ஒரு இரகசியத்தை மட்டும் காப்பாற்றாதீர்கள். பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அவன் கோபித்துக் கொண்டாலும் பரவாயில்லை. கவுன்சிலர் அறைக்கு அவன் போகத் தயங்கினால், கூடவே போய் வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.

நேரில் போக முடியாதவர்கள் போன் செய்யலாம். சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய ஹீல் லைன், நம்பர் 15555. வீட்டில் அடி உதை, கொடுமை என்றால் தாலியான் காசே, 15999. 1970-ஆம் ஆண்டிலிருந்து நடந்து வரும் பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொண்டு அமைப்பு, கோலாலம்பூரில், 03-76272929. இராப்பகல் எந்த நேரமும் எடுப்பார்கள், பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. எடுத்தவுடன் தமிழில் பேசலாமா என்று கேளுங்கள். அன்றைக்குத் தமிழ் தெரிந்தவர் இருந்தால் மாற்றிக் கொடுப்பார்கள்.

கடைசியாக, கூடப் போகிற தகப்பன், தாய்மாருக்கு ஒரு விஷயம். பெரிய ஆஸ்பத்திரியில் முதல் சந்திப்புக்குப் பாதி நாளாவது ஆகிவிடும். பிள்ளையின் ஐ.சி.யும் உங்கள் ஐ.சி.யும், கிளினிக்கில் கொடுத்த கடிதமும், இப்போது சாப்பிடும் மருந்துகளும் கையோடு இருக்கட்டும். புறப்படுமுன் கௌண்டரில் ‘டைம் ஸ்லிப்’ கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று அதில் போட்டுக் கொடுப்பார்கள். அது சம்பளத்தோடு கூடிய மெடிக்கல் லீவ் ஆகாது. ஆனால் ஏன் வேலைக்கு வரவில்லை என்று ஆபீசில் கேட்டால் காட்டலாம். அடுத்த சந்திப்புத் தேதி அட்டையில் எழுதியிருக்கும். அந்தத் தேதியைக் கிராணியிடம் முன்கூட்டியே சொல்லி, வருட லீவில் ஒரு நாளை எடுத்து வையுங்கள்.